கழிமுகச் சேற்றின் சத்து வெளியேற்றம்: குழாயில் அளப்பதா, அடித்தளப் பெட்டியிலா?

கழிமுகத்தின் அடிச்சேறு எவ்வளவு அம்மோனியம், பாஸ்பேட்டை நீருக்குத் திருப்பித் தருகிறது என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. அக்ரிலிக் குழாயில் சேற்றை அப்படியே எடுத்து ஆய்வகத்தில் அளக்கலாம். அடி திறந்த பெட்டியைத் தரையிலேயே கவிழ்த்தும் அளக்கலாம்.

குழாயில் கட்டுப்பாடு அதிகம். 15–20 செ.மீ. சேறு, மேலே அதே இடத்து நீர், களத்தின் வெப்பநிலை, மெதுவாகச் சுழலும் கலக்கி. மூடியபின் நான்கைந்து முறை மாதிரி எடுத்து உடனே வடிகட்ட வேண்டும். சேற்றுக்கு மேல் நீரின் உயரம் 15 செ.மீ., அம்மோனியம் மணிக்கு லிட்டருக்கு 2 மைக்ரோமோல் ஏறினால், வெளியேற்றம் சதுர மீட்டருக்கு மணிக்கு 300 மைக்ரோமோல். நீரிலேயே நடக்கும் மாற்றத்தைக் கழிக்க, சேறில்லாத, நீர் மட்டும் உள்ள குழாய் ஒன்றையும் உடன் வைக்காவிட்டால் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

அளவீடு பெரும்பாலும் கெடுவது ஆக்சிஜனால்தான். அதை அதிகம் குறையவிட்டால் இரும்பு ஆக்சைடு கரைந்து, அதில் ஒட்டியிருந்த பாஸ்பேட் வெளியேறும். அளவு பொய்யாக உயரும். ஆக்சிஜன் தொடக்க அளவில் கால் பங்கு குறைவதற்குள் அளவீட்டை நிறுத்துவது நல்லது. நைட்ரஜன் வாயுவையும் அளப்பதாக இருந்தால் ஒரு குமிழிகூட உள்ளே இருக்கக்கூடாது.

பெட்டி அதிகப் பரப்பை மூடும். நண்டு, புழு வளைகளும் கணக்கில் வரும். ஆனால் சிப்பி ஓடு நிறைந்த தரையில் விளிம்பு சரியாகப் பதியாமல் ஒழுகும். ஆள் இறங்க வேண்டும், ஓதம் இடம் கொடுக்க வேண்டும்.

மென்சேற்றில், பல இடங்களை ஒப்பிடக் குழாயே மேல். வளைகள் மலிந்த தரைக்குப் பெட்டி. மணலில் இரண்டுமே குறைத்துக் காட்டலாம், நீரோட்டம் மணலுக்குள் புகுவதை இரண்டும் தடுப்பதால்.