நேபாளத்துக்குச் சரக்கு: கொல்கத்தாவா, விசாகப்பட்டினமா?

கடலே இல்லாத நேபாளத்தின் சரக்கு காலங்காலமாகக் கொல்கத்தா, ஹல்தியா வழியாகத்தான் போனது. 2016இல் விசாகப்பட்டினமும் திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து காத்மாண்டு இறக்குமதியாளர்களுக்கு எது மேல் என்ற கேள்வி.

தூரம்: கொல்கத்தாவிலிருந்து எல்லை நகரமான பீர்கஞ்ச் சுமார் 700 கி.மீ. விசாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ இரு மடங்கு. தரைவழி வாடகையில் கொல்கத்தாவுக்கே லாபம்.

துறைமுகம்: இங்கேதான் ஆட்டம் மாறுகிறது. கொல்கத்தா ஆற்றுத் துறைமுகம். ஹூக்ளியில் வண்டல் படியும்; ஆழம் போதாது; கடல்நீர் ஏறும் ஓதத்துக்குக் கப்பல் காத்திருக்க வேண்டும். பெரிய கப்பல்கள் வர முடியாததால், கொழும்பிலோ சிங்கப்பூரிலோ சரக்குப் பெட்டிகளை (கன்டெய்னர்) இறக்கிச் சிறு கப்பலில் ஏற்றுவார்கள். அங்கே தாமதமானால் அந்தச் செலவும் இறக்குமதியாளர் தலையில்தான். விசாகப்பட்டினம் ஆழ்கடல் துறைமுகம். பெரிய கப்பல் நேரே வந்து நிற்கும்.

உள்நாட்டுப் பயணம்: கொல்கத்தாவிலிருந்து லாரி, ரயில் இரண்டும் உண்டு. விசாகப்பட்டினத்துக்கு ரயில்தான் சரிப்படும். இரண்டுக்கும் பீர்கஞ்சில் ரயில் இணைப்புள்ள உலர் துறைமுகம், அதாவது நிலத்திலேயே சரக்கைக் கையாளும் முனையம், இருக்கிறது.

சில பெட்டிகள் மட்டும், அதுவும் லாரியில் என்றால் கொல்கத்தா. தூரக் கிழக்கிலிருந்து ரயில் நிரம்பும் அளவுக்கு மொத்தச் சரக்கு வந்தால் விசாகப்பட்டினம். 2015 இறுதியில் எல்லை முடங்கியதுபோல மறுபடி நடந்தால் இரண்டுமே கைகொடுக்காது. இரண்டு பாதையும் பீர்கஞ்சுக்கு எதிரே இந்தியப் பக்கம் உள்ள ரக்சௌல் வழியாகத்தானே போகின்றன!