பானையா, குச்சியா, சூரிய அடுப்பா?

மே மாதம் வந்தால் சென்னையிலிருந்து அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. போன விடுமுறையில் மொட்டை மாடியில் மூன்று சோதனைகள் செய்து பார்த்தோம். மூன்றுக்கும் வெயில்தான் மூலதனம். அடுத்த முறை எதை முதலில் எடுப்பேன், எதைத் தள்ளி வைப்பேன் என்பதில் எனக்கு இப்போது குழப்பம் இல்லை.

எல்லோரும் முதலில் சொல்வது சூரிய அடுப்பு. அட்டைப்பெட்டியின் மூடியில் அலுமினியத் தாள் ஒட்டி, உள்ளே கருப்புத் தாள் விரித்து, வாயைக் கண்ணாடித்தாளால் இழுத்து மூட வேண்டும். மூடி வெயிலை உள்ளே திருப்பிவிடும். கருப்பு அதை வாங்கிச் சூடாகும். கண்ணாடித்தாள் அந்தச் சூட்டைத் தப்பவிடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிளேடால் வெட்டுவது, ஒட்டுவது, சாய்த்து நிறுத்துவது எல்லாம் பெரியவர் வேலையாகிவிடுகிறது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். நாங்கள் முட்டை வைத்தோம். வெள்ளைக்கரு கெட்டியாகவே 60 டிகிரிக்கு மேல் வேண்டும். கண்ணாடித்தாள் ஒரு மூலையில் தளர்ந்துவிட்டது, முட்டை அரைவேக்காட்டில் நின்றது, கொட்டிவிட்டோம். சின்னவன் முகம் வாடிப்போனது. சாக்லேட் வைத்தால் உருகும்தான். ஆனால் அது 34 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். மதுரை மே மாதத்தில் மேசைமேல் வைத்தாலும் உருகும் என்பதால் அடுப்பைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது.

அடுப்பை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். மறுநாள் ஒரே அளவில் இரண்டு பெட்டி எடுத்து, ஒன்றில் கருப்புத் தாளும் இன்னொன்றில் வெள்ளைத் தாளும் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்தாள் மூத்தவள். அது உண்மையான சோதனை. இதற்குப் பள்ளி ஆய்வகத்தில் வைத்திருக்கும் வகைத் தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும்.

மண்பானைச் சோதனைக்குச் செலவே இல்லை, வெயிலில் நிற்கவும் வேண்டாம். ஒரு சிறிய மண்கலயம், ஒரு எவர்சில்வர் சொம்பு. இரண்டிலும் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே நிழல், ஒரே காற்று. சில மணி நேரம் கழித்து விரலை விட்டுப் பார்த்தாலே ஆறு வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும். கலயத்தின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர இரண்டு கிராமுக்கும் குறைவான நீர் ஆவியானால் போதும். சமையல் தராசு இருந்தால் கலயத்தை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எடை குறைந்திருக்கும். பெயின்ட் அடித்த பானையையும் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. துளை அடைபட்டதால் அது அவ்வளவாகக் குளிராது. கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் பானையும் அங்கே கொஞ்சம் மந்தம். அதுவும் பிள்ளைகளோடு பேச வேண்டிய விஷயம்தான்.

ஆனாலும் என் ஓட்டு நிழல் குச்சிக்கே.

பார்க்கச் சாதாரணம். 30 செ.மீ. குச்சி ஒன்றை ஒரு டப்பா மணலில் செங்குத்தாக நட்டு, நிழல் நுனியைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். முதல் நாள் இருவருக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. மறுநாள் குச்சியைச் சுற்றி வட்டம் போட்டோம். காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும் பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் கோட்டால் இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்ற குச்சியை நட்டுத் திசை பார்த்த முறை இதுதான். போனில் இருந்த திசைகாட்டியோடு ஒப்பிட்டு, கோடு சரியாக வந்ததைப் பார்த்தபோது மூத்தவள் துள்ளிக் குதித்தாள்.

அப்புறம் உச்சிவேளை. மணி 12 ஆனால் சூரியன் உச்சிக்கு வந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். மே மாத மதுரையில் நிழல் மிகக் குறுகுவது 12:14 வாக்கில். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே தாமதமாக உச்சிக்கு வருகிறது. அந்தக் குறுகிய நிழலும் வடக்கே விழாமல் தெற்கே விழுகிறது. சூரியன் ஏப்ரல் 16 வாக்கிலேயே மதுரையின் தலைக்குமேல் வந்து வடக்கே தாண்டிவிட்டது. மே முதல் வாரம் 3 செ.மீ. இருந்த நிழல், ஜூன் 21-இல் 7 செ.மீ. ஆகும். தினமும் ஒரு புள்ளி வைத்தால் விடுமுறை முழுக்க வேலை இருக்கும்.

உச்சி வெயிலில் நிற்க வேண்டுமே என்று கேட்கலாம். இரண்டு நிமிடம் செருப்புப் போட்டுக்கொண்டு போய்க் குறித்துவிட்டு இறங்கினால் போதும். எந்தச் சோதனையானாலும் சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள், லென்ஸ் வழியாகக் கூடவே கூடாது.

ஒரே ஒரு மத்தியானம்தான் இருக்கிறது, பிள்ளை சின்னது என்றால் பானை. பத்து வயதுக்கு மேல், பொறுமையும் இரண்டு பெட்டியும் இருந்தால் அடுப்பு. ஒரு மாதம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் குச்சி.

அடுத்த ஏப்ரலுக்குத் தொலைபேசியில் ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். 24-ஆம் தேதி வாக்கில் சென்னையில் உச்சிவேளையில் நிழலே இருக்காது. அதே நாள் மதுரைக் குச்சிக்கு ஒன்றரை செ.மீ. நிழல் தெற்கே இருக்கும். இப்படி இரண்டு ஊர் நிழலை ஒப்பிட்டுத்தான் எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அங்கே மாடியில் அவர்கள், இங்கே நான். இரண்டு பக்கமும் 30 செ.மீ. குச்சி தயாராக இருக்கிறது.