பேரிடருக்குப் பின் வரிக்கணக்கு: தள்ளிவைத்த கெடுவா, சாதாரண நீட்டிப்பா, முந்தைய ஆண்டில் இழப்பா?

அமெரிக்காவில் ஒரு பகுதியைப் புயலோ காட்டுத்தீயோ வெள்ளமோ தாக்கியபின், அங்கே வசிப்பவர்களும் தொழில் நடத்துபவர்களும் வரி விஷயத்தில் "டைம் கொடுத்துவிட்டார்கள்" என்ற ஒரே செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் முன் இருப்பவையோ மூன்று வழிகள்: மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் தானாகவே தள்ளிவைக்கும் கெடு, யார் வேண்டுமானாலும் எந்த ஆண்டும் கேட்டுப் பெறக்கூடிய ஆறு மாத எக்ஸ்டென்ஷன் என்ற சாதாரண நீட்டிப்பு, இழப்பை முந்தைய ஆண்டுக் கணக்கில் காட்டிக்கொள்ளும் உரிமை. முதல் இரண்டும் அவகாசம் தருகின்றன. மூன்றாவதுதான் பணம் தருகிறது. வீட்டைச் சீர்செய்யக் கையில் காசில்லாத குடும்பம், தனக்கு வரவேண்டிய தொகையைத் தெரியாமலே மாதக்கணக்கில் விட்டுவைப்பது வேதனையானது.

முதலில் அவகாசம் தரும் இரண்டையும் பார்ப்போம். 4868 எண் படிவத்தின் மூலம் பெறும் சாதாரண எக்ஸ்டென்ஷன், கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவை ஏப்ரல் 15-லிருந்து அக்டோபர் 15-க்கு நகர்த்துகிறதே தவிர, வரி கட்டும் கெடுவைத் தொடுவதில்லை. ஏப்ரலில் கட்டாத தொகைக்கு மாதம் அரை சதவீத அபராதமும் அதன் மேல் வட்டியும் ஏறும். பேரிடர் தள்ளிவைப்பில் தாக்கலும் கட்டுதலும் சேர்ந்தே நகர்கின்றன, அந்தக் காலத்துக்கு அபராதமும் வட்டியும் கிடையாது. 2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய காட்டுத்தீயை ஒட்டி, லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கொடுக்கப்பட்ட தேதியும் அக்டோபர் 15 தான். ஆனால் 6,000 டாலர் வரிபாக்கி உள்ள ஒருவர் வெறும் எக்ஸ்டென்ஷனோடு அக்டோபர் வரை காத்திருந்தால், 180 டாலர் அபராதமும், அந்த ஆண்டின் 7 சதவீத விகிதப்படி 210 டாலரை ஒட்டிய வட்டியும் சேர்ந்திருக்கும். தள்ளிவைப்புக்கு உட்பட்ட கவுன்டிக்காரருக்கு இரண்டும் இல்லை. ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு மதிப்பீட்டு வரித் தவணைகளும் அந்தத் தள்ளிவைப்பில் அடங்கின என்பது சுயதொழில் செய்வோருக்குப் பெரிய ஆறுதல்.

தள்ளிவைப்புக்கு விண்ணப்பம் தேவையில்லை. ஐஆர்எஸ் தன் பதிவேட்டில் உள்ள முகவரியைக் கொண்டே யார் பாதிக்கப்பட்ட பகுதியில் இருக்கிறார் என்று முடிவு செய்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்தபின் அந்தப் பகுதிக்குக் குடிவந்தவருக்குத் தவறாக அபராதக் கடிதம் வரலாம். கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்துச் சொன்னால் ரத்தாகும். பகுதிக்கு வெளியே இருந்தாலும் கணக்குப் புத்தகங்கள் உள்ளே சிக்கிக்கொண்டவர்களுக்கும் சலுகை உண்டு, ஆனால் அவர்கள் தாமே அழைத்துக் கேட்க வேண்டும். கெடு அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்த 2023-இல், கலிஃபோர்னியாவில் பலருக்கு ஜூன் மாதமே, 21 நாளுக்குள் கட்டச் சொல்லும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. பிறகு ஐஆர்எஸ்ஸே முன்வந்து பழைய அக்டோபர் கெடு செல்லும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே அத்தகைய கடிதம் வந்தால் பதறிக் கட்டிவிடாமல், உங்கள் கவுன்டிக்கான அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

தள்ளிவைப்பின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். பேரிடருக்கு முன்பே கட்டியிருக்க வேண்டிய வரிக்கு அது உதவாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது, 2023-ஆம் ஆண்டுக் கணக்குக்கு அக்டோபர் 15 வரை எக்ஸ்டென்ஷன் வாங்கியிருந்த ஜார்ஜியாக்காரருக்குத் தாக்கல் செய்ய 2025 மே 1 வரை அவகாசம் கிடைத்தது. அதற்குரிய வரி 2024 ஏப்ரலிலேயே கட்டவேண்டியது என்பதால் அதன் மீதான வட்டி நிற்கவில்லை. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியைச் செலுத்தும் கெடுவும் தள்ளிப்போவதில்லை. வழக்கமாகப் பேரிடர் தொடங்கிய முதல் 15 நாளுக்குள் செலுத்தவேண்டியிருந்து, அந்த 15 நாள் முடிவதற்குள் செலுத்திவிட்ட தொகைக்கு மட்டுமே அபராதம் விலக்கப்படும். சிறு தொழில் நடத்துவோர் அதிகம் ஏமாறும் இடம் இது. மாநில வரிக்கு மாநிலத்தின் அறிவிப்பைத் தனியே பார்க்க வேண்டும்.

2025 ஜூலை 24 அன்று சட்டமான திருத்தம், சட்டப்படி கட்டாயம் தரவேண்டிய குறைந்தபட்சத் தள்ளிவைப்பை 60 நாளிலிருந்து 120 நாளாக்கியது. மாநில ஆளுநர் எழுத்துமூலம் கேட்டால், மத்திய அரசின் பேரிடர் அறிவிப்புக்குக் காத்திராமலே சலுகை வழங்கவும் வழி செய்தது. நல்ல மாற்றம்.

இனி மூன்றாவது வழி. மத்திய அரசு அறிவித்த பேரிடரில் ஏற்பட்ட இழப்பை, அது நடந்த ஆண்டின் கணக்கிலும் காட்டலாம், அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கிலும் காட்டலாம். ஹெலீனில் வீட்டுப் பொருள்களை இழந்த, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யும் ஒரு ஜார்ஜியாக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் போக இழப்பு 30,000 டாலர். 2024 டிசம்பர் 12 அன்று சட்டமான சிறப்பு விதிப்படி 500 டாலர் மட்டும் போக, 29,500 டாலரை நிலைக்கழிவுக்கு (செலவு விவரம் காட்டாமலே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) மேல் கூடுதலாகக் கழிக்கலாம். 2023-இல் 1,40,000 டாலராக இருந்த அவர்களது வருமானம், கடை மூடிக் கிடந்ததால் 2024-இல் 70,000 ஆகிவிட்டது. கழிவை 2024-இல் காட்டினால் வரி 3,302 டாலர் குறையும். 2023-இல் காட்டினால் அந்தத் தொகையின் பெரும்பகுதி 22 சதவீத வரம்பில் விழுவதால் 5,825 டாலர் குறையும். வேறு வரிச்சலுகைகளைச் சேர்க்காத கணக்கு இது. ஆனாலும் 2,523 டாலர் வித்தியாசம், ஏற்கெனவே தாக்கல் செய்த கணக்கைத் திருத்தும் ஒரு 1040-எக்ஸ் படிவத்தில் இருக்கிறது.

எல்லோருக்கும் முந்தைய ஆண்டே மேல் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சிறப்பு விதி அதிபர் அறிவித்த குறிப்பிட்ட பெரும் பேரிடர்களுக்கே உரியது. அதில் அடங்காத இழப்புக்கு 100 டாலரும் வருமானத்தில் 10 சதவீதமும் போக எஞ்சியதே கழிவு, அதுவும் நிலைக்கழிவை விட்டுக்கொடுப்பவருக்கு மட்டும். இதே குடும்பத்துக்கு அப்போது 2023-இல் 14,000 டாலர் அடிபடும், 2024-இல் 7,000 தான். இன்ஷூரன்ஸ் பணம் வரும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்கும்வரை அந்தப் பகுதியைக் கழிக்கவும் முடியாது. இழப்பு என்பது புதிதாக வாங்க ஆகும் செலவும் அல்ல: பொருளுக்கு நீங்கள் போட்ட முதல், பேரிடரால் குறைந்த சந்தை மதிப்பு, இவற்றில் எது குறைவோ அதுவே. கடைச் சரக்குக்கும் தொழில் சொத்துக்கும் இந்த 100 டாலர், 10 சதவீத வரம்புகள் கிடையாது.

முந்தைய ஆண்டைத் தேர்ந்தெடுக்க, பேரிடர் நடந்த ஆண்டுக்குரிய கணக்கின் அசல் கெடுவிலிருந்து ஆறு மாதம் உண்டு. 2025 ஜனவரித் தீக்கு அது 2026 அக்டோபர் 15. 4684 எண் படிவத்தில் இழப்பைக் கணக்கிட்டு, மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா கொடுத்த பேரிடர் எண்ணையும் குறிப்பிட வேண்டும். பழைய கணக்கு தீயிலோ வெள்ளத்திலோ போய்விட்டிருந்தால், 4506-டி படிவத்தின் தலைப்பில் பேரிடரின் பெயரை எழுதி அனுப்புங்கள். ஐஆர்எஸ் அந்த ஆண்டுக்கான விவரப் பிரதியைக் கட்டணமில்லாமல் தரும்.