தவிர்த்தாரா, ஏய்த்தாரா?
கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலுக்குப் பயந்து மரைன் டிரைவ் பக்கம் திரும்பினால் அது ஆங்கிலத்தில் ‘அவாய்ட்’ (avoid). பொலிஸ் கைகாட்டி மறிக்க, நிற்காமல் ஒழுங்கைக்குள் நுழைந்து மறைந்தால் ‘எவேட்’ (evade). இரண்டுக்கும் தமிழில் ‘தவிர்’ என்றே எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை.

வேரைப் பாருங்கள். ‘எவேட்’ லத்தீனில் ‘வெளியேறிப் போ’. தப்புகிற வாடை அதிலேயே இருக்கிறது. ‘அவாய்ட்’ பழைய பிரெஞ்சில் ‘வெறுமையாக்கு’. அது எப்படி விலகிப்போவதாக மாறியதோ, சொற்களுக்கே வெளிச்சம்!

வேறுபாடு கடிக்கிற இடம் வரி. வருமானத்தை மறைத்தால் ஏய்ப்பு, அது குற்றம். சட்டம் தரும் கழிவுகளைக் கழித்துக் குறைவாகக் கட்டினால் தவிர்ப்பு. அதற்காகத் தவிர்ப்பில் எதுவும் செய்யலாம் என்றில்லை. இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வரியைக் குறைக்கவென்றே போட்ட ஏற்பாடுகளையும் கவனிக்கிறது.

அப்புறம், கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத அமைச்சர். ஆங்கிலத்தில் அவரும் ‘எவேட்’தான் செய்கிறார். தமிழில் ‘ஏய்த்தார்’ என்றால் பணத்தோடு ஓடிவிட்டார் போலிருக்கும். ‘மழுப்பினார்’ போதும்.