ஆய்வுக்குத் திரும்பும் பெண்களுக்கான உதவித்தொகை: ஏலமலையிலிருந்து ஒரு மதிப்புரை

போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கம் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் நெடுங்கண்டத்திலும் வண்டன்மேட்டிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களிலும் அப்படித்தான். கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆய்வகத்தை விட்டு வந்தவர்கள். என்னைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். "அக்கா, அந்த ஃபெலோஷிப் நிஜமாவே நம்மள மாதிரி ஆளுக்குக் கிடைக்குமா?" "கிடைச்சா வேலை செய்ய விடுவாங்களா?" முதல் கேள்விக்குப் பதில்: கிடைக்கும், எனக்குக் கிடைத்தது. இரண்டாவதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

எந்தத் திட்டங்கள் என்று சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-ல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பப் பொறுப்பால் ஆய்வை விட்டவர்களைத் திரும்பக் கொண்டுவருவது நோக்கம். அதில் 'வோஸ்-ஏ' என்ற பிரிவு ஆய்வுக்கானது. 27 முதல் 57 வயது வரை விண்ணப்பிக்கலாம், பிஎச்.டி. முடித்தவருக்கு மாதம் 55,000 ரூபாய், மூன்று ஆண்டு என்று இருந்தது. இப்போது 'வைஸ்-கிரண்' என்ற பெயரின் கீழ் பிஎச்.டி. செய்பவர்களுக்கு வைஸ்-பிஎச்.டி., முடித்தவர்களுக்கு வைஸ்-பி.டி.எஃப். என்று பிரித்திருக்கிறார்கள். உயிரித் தொழில்நுட்பத் துறை 2011-ல் ஆரம்பித்த 'பயோகேர்' இன்னொன்று. கேரளத்தில் மாநில அறிவியல் கவுன்சிலின் பெண் விஞ்ஞானிகள் பிரிவு நடத்தும் 'பேக் டு லேப்' இருக்கிறது. நான் பெற்றது இந்த வகையில் ஒன்று. எது என்பதும், எந்த நிறுவனத்தில் இருந்தேன் என்பதும் இங்கே வேண்டாம். வேறு இடங்களில் இருந்த தோழிகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

என் அம்மா கம்பத்திலிருந்து ஜீப்பில் மேடு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். விடியுமுன் கிளம்பி, இருட்டும்போது வருவார். நான் தாவரவியல் படித்து, தாவர நோயியலில் பிஎச்.டி. முடித்தேன். பிறகு இரண்டு பிள்ளைகள், சில வருட இடைவெளி. திரும்பப் போகலாம் என்று நினைத்தபோது எடுத்த விஷயம் ஏலத்தில் வரும் அழுகல் நோய். ஃபைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரி செய்கிற வேலை அது. மழைக்காலத்தில் காய் நீர் கோத்த மாதிரி நிறம் மாறி, பழுப்பாகி, நாற்றமடித்து உதிரும். நிழல் அடர்ந்து தண்ணீர் தேங்குகிற இடத்தில் வேகமாகப் பரவும். "படிச்ச பிள்ள, மறுபடி இந்த மலைக்கே போறியா தாயி?" என்று அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தான் ஏறிய மேட்டில் மகள் வேறு வேலைக்கு ஏறுவது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

திட்டத்தில் ஆகச் சிறந்த விஷயம் பணம் இல்லை. திட்டத்தின் தலைமை ஆய்வாளராக நம் பெயரே இருக்கும். வழிகாட்டி ஒருவர் உண்டு, ஆனால் ஆய்வு நம்முடையது. பட்ஜெட்டை நாம் போடுகிறோம், என்ன கருவி வேண்டும் என்று நாம் முடிவு செய்கிறோம், கட்டுரையில் நம் பெயர் முதலில் வருகிறது. இடைவெளி விட்டு வருகிற பெண்ணை யாராவது ஒரு பேராசிரியரின் திட்டத்தில் உதவியாளராகச் சேர்த்து, ஸ்லைடு கழுவ விடுவதுதான் வழக்கம். அதை இந்தத் திட்டம் தாளிலாவது உடைக்கிறது. தேர்வுக் குழுவின் முன் நின்றபோதும் ஏன் இடைவெளி விட்டாய் என்று யாரும் குடையவில்லை. நோயை அடக்கும் ட்ரைகோடெர்மா என்ற நல்ல பூஞ்சை மண்ணில் எவ்வளவு நாள் தங்கும், போர்டோ கலவை என்ற செம்பு மருந்து தெளித்த இடத்தில் அதை விட்டால் என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள். மறுபடி ஒரு விஞ்ஞானியாக என்னிடம் பேசினார்கள். அந்த அரை மணி நேரத்துக்கு 5-க்கு 5 தருவேன்.

ஆனால் பணம் நம் கைக்கு நேராக வருவதில்லை. அது நாம் சேரும் நிறுவனத்துக்குப் போகும். தவணையாக வரும். செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றும், எல்லாரும் 'யூசி' என்று சொல்வது, அங்கிருந்து போனால்தான் அடுத்த தவணை. என் கோப்பு கணக்குப் பிரிவில் கிடந்த காலத்தில் மாதாமாதம் வர வேண்டியது நான்கைந்து மாதம் சேர்ந்து வந்தது. வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்ததால் சமாளித்தேன். கணவரை இழந்த ஒரு தோழி இதே நிலையில் பாதியிலேயே விட்டுவிட்டு டியூஷன் எடுக்கப் போய்விட்டார். பணம் மாதாமாதம் வருகிறதா என்ற ஒரு விஷயத்துக்கு 5-க்கு 2-தான்.

மலையில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. டெல்லியில் மூன்று ஆண்டு என்றால் முப்பத்தாறு மாதம். அழுகல் நோய்க்கு மூன்று ஆண்டு என்றால் மூன்று தென்மேற்குப் பருவமழை, அவ்வளவுதான். ஜூனில் மழை பிடிக்கும்போது நுண்ணுயிரி வளர்க்கும் ஊடகமும் பெட்ரித் தட்டும் தயாராக இல்லையென்றால் அந்த வருடம் போயிற்று. அனுமதிக் கடிதம் மார்ச்சில் வந்தும், கொள்முதல் குழு கூடி, மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஆர்டர் போய்ச் சேர்வதற்குள் என் முதல் மழை முடிந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நிரந்தரப் பணியில் இருக்கும் விஞ்ஞானிக்கு ஒரு பருவம் போனால் அடுத்தது இருக்கிறது. எனக்குக் கிடைத்ததே மூன்றுதான் என்பது அங்கே யாருடைய கணக்கிலும் இல்லை.

அப்புறம் ஆய்வகச் சாவி. இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபைட்டாப்தோராவை அழுகிய காயிலிருந்து பிரித்தெடுக்க, கொண்டுவந்த அன்றே கேரட் அகர் ஊடகத் தட்டில் வைக்க வேண்டும். விட்டால் பாக்டீரியா ஏறிவிடும், ஒன்றுக்கும் ஆகாது. தோட்டம் தோட்டமாகப் போய் மாதிரி எடுத்து மழையில் மலைப்பாதையில் திரும்பினால் மாலை ஐந்து ஆகும். பெண் திட்ட ஊழியர்கள் ஐந்தரைக்கு மேல் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்று அங்கே விதி. பாதுகாப்புக்காக என்றார்கள். ஆண் மாணவர்கள் எட்டு மணி வரை இருப்பார்கள். என் மாதிரியை ஒரு பையனிடம் கொடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று யோசனை சொன்னார்கள். அவன் நல்ல பையன், செய்தும் கொடுத்தான். ஆனால் எந்தக் காயின் எந்த ஓரத்தில் வெட்டி வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் தலைமை ஆய்வாளர் என்ற பெயருக்கு என்ன பொருள்? வெளிச்சம், காவலாள், வீட்டுக்குக் கொண்டுவிட ஒரு வண்டி, இவை பாதுகாப்பு. கதவைப் பூட்டுவது பாதுகாப்பு இல்லை. எழுதிக் கேட்டேன். இரண்டாவது மழையின் நடுவில் அனுமதி கிடைத்தது, எனக்கு மட்டும்.

குழந்தைக் காப்பகமும் இருந்தது. நல்ல அறை, சுவரில் யானைப் படம், பாயில் பொம்மை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. அங்கே நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம், உதவித்தொகையில் வந்தவர்கள் ஊழியர் இல்லை என்றார்கள். குழந்தைக்காக ஆய்வை விட்டவள் திரும்பி வருவதற்கென்றே போட்ட திட்டத்தில் வந்தவளுக்குக் காப்பகத்தில் இடமில்லை. என் சின்னவனை அங்கே வேலை பார்த்த ஒரு சேச்சி தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் நான் முதல் வருடத்திலேயே திரும்பிப் போயிருப்பேன். ஒரு நிறுவனம் செய்ய வேண்டியதைத் தனி ஒரு பெண்ணின் நல்ல மனசு செய்தது.

இவ்வளவு சிரமத்துக்கும் இந்த வேலையில் பெண்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காய் எடுப்பவர்கள் எல்லாம் பெண்கள், பாதிப்பேர் எங்கள் ஊர்ப்பக்கம். முன்பு மாதிரி எடுக்க வந்தவர்கள் முதலாளியிடமும் மேஸ்திரியிடமும் பேசிவிட்டுப் போவார்களாம். நான் காய் பிடிக்கும் சரத்தின் பக்கத்தில் அவர்களோடு உட்கார்ந்தபோது, "இது மேல இருந்து வராது பாப்பா, மண்ணுல கிடக்குற சரத்துலதான் மொதல்ல வரும், அதுவும் ஓடை இறக்கத்துல" என்று ஒரு அம்மா காட்டினார். நோய் பரவும் இடங்களின் வரைபடம் போடுவதற்கு நான் தேர்ந்தெடுத்த இடங்கள் அவர் விரல் காட்டிய இடங்கள்தான். குனிந்து காய் எடுக்கிறவருக்குத் தெரிவது நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. என் கட்டுரையின் நன்றிப் பகுதியில் அந்தப் பெண்களைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி அறிவியல் படிப்புகளில் இருந்த 57.2 லட்சம் பேரில் 29.5 லட்சம் பேர் பெண்கள். பாதிக்கும் மேல். ஆனால் 2018 கணக்கில் நாட்டின் ஆய்வாளர்களில் பெண்கள் 16.6 சதவீதம்தான். படிக்க வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், எங்கள் தெருவிலேயே சிலரைக் காட்டுவேன்.

குமுளிப் பாதையில் இருக்கும் பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர் அன்னா மாணி. சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தைப் பற்றி ஆய்வு செய்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அதன் பிறகு அரசு உதவித்தொகையில் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து, 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். இன்று அவர் பெயரை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆளுக்கு உதவித்தொகை கொடுப்பது அன்றும் நடந்தது. விதியை மாற்றுவதுதான் அன்றும் நடக்கவில்லை.

இந்தத் திட்டங்களில் நான் பார்க்கிற பெரிய குறை அதுதான். எல்லாப் பணமும் பெண்ணின் பெயரில் வருகிறது, காப்பகம், ஆய்வக நேரம் போன்றவற்றில் எந்த நிபந்தனையும் நிறுவனத்தின் மீது இல்லை. பிரிட்டனில் 2005-ல் 'அதீனா ஸ்வான்' என்ற சாசனம் வந்தது. பல்கலைக்கழகங்கள் தங்கள் துறையில் பெண்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள், எங்கே விட்டுப் போகிறார்கள் என்று கணக்குக் காட்டி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் வாங்க வேண்டும். 2011-ல் அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த சாலி டேவிஸ், வெள்ளித் தரம் இல்லாத மருத்துவத் துறைகளை அரசின் பெரிய மருத்துவ ஆய்வு மைய நிதிக்குப் பரிசீலிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அதற்குப் பிறகுதான் துறைத் தலைவர்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழுக்கான தாள் வேலை அதிகம், அதுவும் பெண்கள் தலையிலேயே விழுகிறது என்ற புகாரும் அங்கே வந்தது. 2020-ல் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். அந்தச் சாசனத்தைப் பார்த்து நம் அறிவியல் தொழில்நுட்பத் துறை அதே 2020-ல் 'கதி' திட்டத்தை அறிவித்து, முதலில் 30 நிறுவனங்களைச் சேர்த்தது. நல்ல தொடக்கம். ஆனால் விரும்பிய நிறுவனம் சேரலாம் என்ற அளவில்தான் அது இருக்கிறது. பெண் ஆய்வாளரை ஏற்கும் நிறுவனம் காப்பகத்தில் இடம் தரும், மாலையில் ஆய்வகம் திறந்திருக்கும், கொள்முதலை இத்தனை நாளில் முடிக்கும் என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை என்று வைக்கட்டும். ஒரு பக்க ஒப்பந்தம் போதும்.

நீங்கள் விண்ணப்பிக்கலாமா? கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் நிறுவனத்தைத் தேடும்போது வழிகாட்டியின் பெயரையும் கருவிகளையும் மட்டும் பார்க்காதீர்கள். அங்கே இதே உதவித்தொகையில் ஏற்கெனவே இருந்த பெண்ணைத் தேடிப் பேசுங்கள். பணம் எத்தனை மாதம் தள்ளி வந்தது, சனிக்கிழமை சாவி யாரிடம், களத்துக்கு வண்டி கொடுத்தார்களா, மகப்பேறு விடுப்புக் கேட்டவர்களை எப்படி நடத்தினார்கள் என்று கேளுங்கள். மகப்பேறு விடுப்பு உதவித்தொகையில் இருப்பவர்களுக்கும் உண்டு, அது சலுகை இல்லை. பிஎச்.டி. படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு யு.ஜி.சி. விதிப்படி படிப்புக் காலத்துக்குள் 240 நாள் வரை உண்டு. தெரியாது என்று அலுவலகத்தில் சொன்னால் விதியின் நகலைக் கையில் கொடுங்கள்.

களப்பணி இருந்தால் பட்ஜெட்டில் வண்டி வாடகையைத் தனி வரியாகப் போடுங்கள், கூடவே ஒரு பெண் களப்பணியாளருக்கும் கேளுங்கள். தோட்டத்தில் நாள் முழுக்கக் கழிப்பறை இருக்காது, ஸ்டோர் பக்கம் இருக்கும் ஒன்றுக்குப் போய்வரவும் கூட ஒரு ஆள் வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் வாங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஏல நோய், மிளகு நோய் என்று மழையை நம்பிய ஆய்வாக இருந்தால், முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்: ஏப்ரலுக்குள் முதல் தவணை வராவிட்டால் அந்த ஆண்டின் மாதிரி கிடைக்காது, எனவே காலத்தை ஒரு பருவம் நீட்டித்துத் தர வேண்டும். எனக்குப் பின்னால் விண்ணப்பித்த போடிப் பெண் ஒருத்தி அப்படி எழுதினாள். குழு ஒத்துக்கொண்டது.