ஆத்தங்குடி கல், சீமை டைல்ஸ், சலவைக்கல், பிரிண்ட் டைல்ஸ்: செட்டிநாட்டு வீட்டில் எது எங்கே?

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பூப்போட்ட எதைக் கண்டாலும் ‘ஆத்தங்குடி’ என்றும், சுவரில் பளபளக்கும் எதைக் கண்டாலும் ‘இத்தாலி’ என்றும் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் இரண்டுமே தவறு. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய பெரிய வீடுகளில் ‘சீமை டைல்ஸ்’ எனப்படும் இங்கிலாந்து டைல்ஸ், ஜப்பான் டைல்ஸ், இத்தாலியச் சலவைக்கல், காரைக்குடி அருகே ஆத்தங்குடி ஊரில் வார்த்த ஆத்தங்குடி கல் எல்லாம் ஒரே கூரையின் கீழே இருக்கலாம். பழைய வீட்டைப் பழுது பார்ப்பவர்களும், அதே சாயலில் புதிதாகக் கட்டுபவர்களும் இவை எல்லாவற்றையும் ஒரே சாமானாக நினைத்து ஆசிட் ஊற்றுகிறார்கள், பாலிஷ் மெஷின் ஓட்டுகிறார்கள். ஒன்றுக்குச் சரிப்படுவது இன்னொன்றை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது.

பிரித்து அறிய ஒரு கேள்வி போதும்: நிறம் மேலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? எத்தனை காலம் உழைக்கும், எதைக் கொண்டு துடைக்கலாம், உடைந்தால் மாற்ற முடியுமா என்பதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்தே தெரிந்துவிடும்.

சீமைத் தரை

இங்கிலாந்தில் 1830இல் சாமுவேல் ரைட் காப்புரிமை பெற்ற முறையை வாங்கி, ஸ்டோக் ஆன் ட்ரென்ட் நகரின் ஹெர்பர்ட் மின்டன் பெரிய தொழிலாக வளர்த்தார். பச்சைக் களிமண்ணை அச்சில் அழுத்திப் பூவின் இடத்தைப் பள்ளமாக்குவார்கள். அந்தப் பள்ளத்தில் வேறு நிறக் களிமண் குழம்பை ஊற்றி, காய்ந்ததும் மேலே வழித்து, சூளையில் சுடுவார்கள். ஆகவே பூ வெறும் மேல்பூச்சு அல்ல. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வேறு மண். தலைமுறைகள் நடந்து தேய்ந்தாலும் கோலம் அழியாததற்குக் காரணம் இதுதான். நன்றாகச் சுட்ட மண் என்பதால் புளி, எலுமிச்சை எதுவும் அதை ஒன்றும் செய்யாது. நிறங்கள் பெரும்பாலும் மண் சார்ந்தவை: காவி, வெண்மஞ்சள், கறுப்பு, சாம்பல்.

உழைப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒன்று உடைந்தால் அதே அச்சுக் கிடைப்பது அரிது. ஆத்தங்குடியில் அதே கோலத்தை வார்த்துப் பதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கோலம் ஒத்துப்போகும், ஆனால் சிமெண்டும் சுட்ட மண்ணும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. சில வருடத்தில் புதுக் கல் மட்டும் பள்ளமாகத் தெரியும். பீரோவுக்கு அடியிலோ கதவு மூலையிலோ இருக்கும் பழைய கல்லைப் பெயர்த்து, உடைந்த இடத்தில் வைத்துவிட்டு, மூலையில் புதுக்கல் பதிப்பதே சரியான வழி.

ஆத்தங்குடி கல்

இது சூளையைப் பார்க்காத கல். சிமெண்டில் பூப்போட்ட தரைக்கல் வார்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென் பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவிலும் சுதேசி உணர்வோடு இதைச் செய்தவர்கள் உண்டு. மும்பையின் பாரத் ஃப்ளோரிங்ஸ் 1922இல் தொடங்கியது. அங்கெல்லாம் இரும்புத் தகட்டின் மேல் வார்த்து இயந்திரத்தால் அழுத்துவார்கள். ஆத்தங்குடியில் அழுத்தும் இயந்திரமே கிடையாது. இரும்புத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருக்கும். இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் அதுதான்.

கண்ணாடித் துண்டின் மேல் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் தகட்டை வளைத்துச் செய்த பூ அச்சை இறக்குவார்கள். வெள்ளை சிமெண்ட், நைஸ் மணல், ஆக்ஸைடு நிறம் கலந்த குழம்பைக் கரண்டியால் அள்ளி ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை சற்றுச் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். குழம்பின் மேல் உலர்ந்த சிமெண்ட்–மணல் தூளைத் தூவுவார்கள். அது அதிக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் உள்ளூர் மணலில் குழைத்த கலவையை நிரப்பி, கரணையால் வழித்துச் சட்டத்தை எடுப்பார்கள். ஒரு நாள் காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறும். பதமானதும் கண்ணாடி கழன்று வரும். வெளியே தெரியும் முகம் கண்ணாடியைப் போலவே வழவழப்பாக இருக்கும்.

நிற அடுக்கு இதிலும் சில மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். ஆனால் பளபளப்பு, கண்ணாடி தொட்ட மேல்தோலில் மட்டுமே இருக்கிறது. மொசைக் தரைக்கு ஓட்டும் பாலிஷ் மெஷினை இதன் மேல் ஓட்டினால் நிறம் மிஞ்சினாலும் அந்தத் தோல் போய்விடும், அதே பளபளப்புத் திரும்பாது. புளித்தண்ணீர், எலுமிச்சை, ஊறுகாய் சிந்தி நின்றால் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை அமிலம் தின்று, அங்கே வெளுத்த தடம் விழும். கழிப்பறை ஆசிட் ஒரே முறையில் முடித்துவிடும். மஞ்சள் கறையும் உள்ளே இறங்கும், ஏனென்றால் அழுத்தாத கல்லில் நுண்துளை அதிகம். அதனால் அடுப்படிக்கும் குளியலறைக்கும் ஆத்தங்குடி கல்லைப் பரிந்துரைக்க மாட்டோம். மழை விழும் முற்றத்துக்கும் வேண்டாம். பழைய வீடுகளில் முற்றத்துக்குக் கருங்கல் பாவியதைப் பாருங்கள்.

முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரப் பகுதி), பட்டாலை (கூடம்), படுக்கும் அறை ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தரை இந்த ஊர் வெயிலுக்குக் கிடையாது. காலுக்குக் குளிர்ச்சி; நடக்க நடக்க மெருகு ஏறும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். எண்ணெய் அதிகமானால் தூசு ஒட்டிக் கறுத்துப்போகும்.

கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 8 அங்குலக் கல் என்றால் சதுர அடிக்கு 2.25 கல். 20க்கு 10 அடி அறைக்கு 30 வரிசை, 15 வரிசை, ஆக 450 கல். சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் போட்டால் மூலைக்கல் 4, பார்டர் கல் 82, உள்ளே பூக்கல் 364. இதுவரை சரி. ஆனால் உள்ளே 28க்கு 13 வரிசை வருகிறது. நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுமையாகும் டிசைனுக்கு 13 ஒற்றைப்படை, எனவே ஒரு பக்கம் முழுக்கப் பாதிப் பூவாக நிற்கும். அறையின் உள்ளளவை 10 அடி 8 அங்குலமாக வைத்திருந்தால் 14 வரிசை வந்து பூ முடிந்திருக்கும். சுவர் எழுந்த பிறகு டிசைன் தேடாமல், கல் அளவை முடிவு செய்துவிட்டு அறை அளவைப் போடுங்கள். கட்டி முடித்துவிட்டீர்களா? பார்டருக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரே நிறப் பட்டை கொடுத்துச் சமன் செய்யலாம்.

10 சதவீதம் கூடுதலாக, ஒரே தடவையில் ஆர்டர் கொடுங்கள். நிறம் கையால் கலப்பது; அடுத்த மாதம் வார்க்கும் சிவப்பு இதே சிவப்பாக இருக்காது. மிச்சக் கல்லை விற்றுவிடாமல் பரணில் வையுங்கள்.

பதிக்கும்போது நடக்கும் தவறுகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கையால் வார்த்த கல்லில் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும், குறையும். அதனால் டைல்ஸ் பசையை மெல்லிசாகத் தடவி ஒட்டும் முறை இதற்கு ஆகாது. ஒன்றரை முதல் 2 அங்குலச் சாந்துப் படுக்கை வேண்டும், அப்போதுதான் ரசமட்டம் பார்த்து ஏற்றி இறக்க முடியும். கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பதிக்காவிட்டால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அடியில் பிடிப்பு இல்லாமல், தட்டினால் பொள்ளல் சத்தம் வரும், பிறகு மூலை உடையும். இரும்புச் சுத்தியல் கூடாது. மரச் சுத்தி அல்லது ரப்பர் சுத்திதான். இடுக்குக்கு அடைக்கும் வெள்ளை சிமெண்டை அந்த நிமிடமே துடைத்தெடுக்க வேண்டும். சிமெண்ட் கல்லின் மேல் சிமெண்ட் காய்ந்தால் ஆசிட் இல்லாமல் வராது, ஆசிட் போட்டால் கல் போகும். பெயிண்ட், மர பாலிஷ் வேலைகள் முடிந்த பிறகே தரை பதிக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

முதல் சில மாதங்களில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பதற வேண்டாம். ஈரம் வெளியேறும்போது உள்ளே உள்ள உப்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தால் நாளடைவில் நிற்கும். அது நிற்பதற்குள் சீலர் (நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்தால் உப்பு உள்ளேயே அகப்பட்டு மேல்தோலை உரிக்கும்.

எடையையும் கவனியுங்கள். 20 மில்லிமீட்டர் கனமுள்ள 8 அங்குலக் கல் ஒன்று கிட்டத்தட்ட 1.8 கிலோ. மேலே சொன்ன அறைக்குக் கல் மட்டுமே 800 கிலோவுக்கு மேல், சாந்துப் படுக்கை தனி. தேக்கு உத்தரத்தில் நிற்கும் பழைய மாடிக்கு என்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

சலவைக்கல்

சலவைக்கல்லில் நிறம் அடிவரை ஒன்றே. தேய்ந்தால் மறுபடி இழைத்துப் பாலிஷ் போடலாம். ஆத்தங்குடி கல்லுக்கு இல்லாத வசதி இது. அமிலத்துக்கு மட்டும் இரண்டுமே ஒரே அளவுக்குப் பயந்தவை. விருந்து நடக்கும் கூடத்தில் ரசம் சிந்திய தடம் சலவைக்கல்லிலும் விழும். வெள்ளைக் கல்லைச் சாதாரண சாம்பல் சிமெண்டில் பதித்தால் அடியிலிருந்து கறை ஏறி மங்கும். வெள்ளை சிமெண்டில்தான் பதிக்க வேண்டும். பட்ஜெட் இடம் கொடுத்தால், முழுத் தளத்துக்கும் போடுவதைவிட நடுவில் சலவைக்கல், சுற்றிலும் ஆத்தங்குடி பார்டர் என்று வைப்பது கண்ணுக்கும் இதமாக இருக்கும்.

சுவரில் ஜப்பான்

‘இத்தாலி டைல்ஸ்’ என்று காட்டப்படும் புடைப்புப் பூ டைல்ஸ் பெரும்பாலும் ஜப்பானில் செய்தவை. முதல் உலகப் போரில் ஐரோப்பிய ஏற்றுமதி சுருங்கியபோது ஜப்பான் அந்தச் சந்தையைப் பிடித்தது. 6 அங்குலச் சதுரம், புடைத்த கோடுகளுக்கு இடையே வண்ணக் கண்ணாடிப் பூச்சு. கழன்ற ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் ‘மேட் இன் ஜப்பான்’ என்று புடைப்பெழுத்து இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. நிறம் இங்கே மெல்லிய பூச்சு மட்டும். பூச்சு பெயர்ந்தால் வெள்ளை மண் தெரியும். அதனால் இது சுவருக்கு மட்டும். தரையில் பதித்தால் புடைப்பு நுனிகள் முதலில் உடையும். ஆசிட் பூச்சைச் சட்டென்று பாதிக்காது, ஆனால் சுவரின் சுண்ணாம்புச் சாந்தை அரித்துக் கல்லையே கழற்றிவிடும். ஈரத்துணி போதும்.

இதற்குப் போட்டி செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. நன்றாக ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பு, மணல், கடுக்காய்–வெல்லம் ஊறிய நீர், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கு ஈரம் முழுதும் வற்றுவதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நேரம் தப்பினால் எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வராது. சுண்ணாம்பு சரியாக நீராத துணுக்கு ஒன்று இருந்தாலும் பின்னாளில் அது பொங்கிச் சுவரில் சின்னக் குழியாகத் தெறிக்கும். இந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ ஈரம் உள்ளே சிக்கி, பூச்சோடு சேர்த்துப் பாளம் பாளமாக உரியும். பழைய சுவருக்குப் புட்டி அடிப்பதை எந்த நிலையிலும் ஆதரிக்க முடியாது. புதுச் சிமெண்ட் சுவர் என்றால் புட்டியே போதும். சுண்ணாம்புப் பூச்சு வேண்டுமென்றால் சுவரையும் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்புவதுதான் முறை.

பிரிண்ட் டைல்ஸ்

குஜராத்தின் மோர்பி போன்ற ஊர்களிலிருந்து வரும் ‘ஆத்தங்குடி டிசைன்’ விட்ரிஃபைடு டைல்ஸில் பூ என்பது அச்சடித்த மையும் அதன் மேல் ஒரு கண்ணாடிப் பூச்சும். தண்ணீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் கீழ். கறை பிடிக்காது, கனம் குறைவு, வேலை சீக்கிரம் முடியும். அடுப்படி, குளியலறை, வாடகை வீடு, எடை தாங்காத மாடி ஆகியவற்றுக்கு இதையே போடுங்கள். ஆனால் மேல்பூச்சு தேய்ந்தால் அதோடு சரி. இழைக்கவும் முடியாது, மெருகும் ஏறாது. பெரிய கல்லில் பல சின்னச் சதுரங்களை அச்சடித்திருப்பதால் ஒரே கறை, ஒரே நிழல் மறுபடி மறுபடி கண்ணில் படும். பழைய வீட்டு வளவில் இதைப் போடுவது அந்த வீட்டுக்கு நியாயம் அல்ல.

பழையதை வாங்கும்போது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் டைல்ஸ் கிடைக்கும். எண்ணிக்கையை முதலில் பாருங்கள். எத்தனை அழகாக இருந்தாலும் ஐந்தாறு கல்லை வைத்து ஒரு பட்டைகூட ஓட்ட முடியாது. பின்பக்கம் சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருந்தால் நல்லது: தண்ணீரில் ஊறப்போட்டு மரக்குச்சியால் சுரண்டினால் வந்துவிடும். சிமெண்ட் ஒட்டியிருந்தால் சுரண்டும்போதே பாதி உடையும், அதற்கேற்ப விலை பேசுங்கள். ஓரத்தைப் பார்த்து எதுவென்று தெரிந்துகொள்ளலாம்: உள்ளே ஒரே வெள்ளை மண் என்றால் ஜப்பான், காவி மண்ணில் வேறு நிற மண் பதிந்திருந்தால் இங்கிலாந்து, மேலே நிறப்பட்டை, கீழே கரடுமுரடான மணல் கலவை என்றால் சிமெண்ட் கல். வாங்கி வந்து சுவரில் ஒட்டும்போது எபாக்சி பசையைத் தவிர்த்து, சுண்ணாம்புச் சாந்தில் பதியுங்கள். பின்னால் எடுக்க வேண்டி வந்தாலும் உடையாமல் கழன்று வரும்.