பழைய பித்தளை ஸ்நேர்: லட்விக் சூப்ராஃபோனிக்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 'பித்தளை' என்று சொல்லி யாராவது பழைய சூப்ராஃபோனிக்கை (அமெரிக்க நிறுவனமான லட்விக்கின் ஸ்நேர் டிரம்) நீட்டினால், முதலில் ஒரு லக்கை (தோலை இறுக்கும் திருகைத் தாங்கும், உடலில் பொருத்திய உலோகப் பிடி) கழற்றித் துளையின் ஓரத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால்தான் பித்தளை. 1960களின் தொடக்கத்தில் வந்தவை குரோம் பூசிய பித்தளை. 1963 வாக்கில் லட்விக் அலுமினியக் கலவைக்கு மாறிவிட்டது. காந்தச் சோதனை அரைச் சோதனைதான்: ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பித்தளை, அலுமினியம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். குரோம் கொப்புளித்து உரிந்திருந்தால் பெரும்பாலும் அலுமினியம். கடற்காற்றில் அது இன்னும் வேகமாக உரியும்.

ஒலிதான் விஷயம். அலுமினியம் சுள்ளென்று வறண்டு கேட்கும். பித்தளையில் அந்தக் கூர்மைக்கு அடியில் ஒரு கனம் உண்டு, ரீங்காரமும் நீளம். மெல்லத் தட்டினாலும் கீழ்த்தோலை ஒட்டியிருக்கும் ஸ்நேர் கம்பி பேசும். ரிம்ஷாட் (தோலையும் விளிம்பையும் குச்சியால் ஒருசேர அடிப்பது) அடித்தால், தவிலும் நாதஸ்வரமும் முழங்கும் கல்யாண மண்டபத்திலும் அமுங்காது. சின்ன அறையில் காது வலிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலே பூச்சுள்ள 10 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தோல், கீழே 3 மில் ஸ்நேர் தோல், 20 இழைக் கம்பி போதும். கீழ்த்தோலை நன்றாக இறுக்குங்கள். தளர்ந்தால் கம்பி சளசளக்கும். கழுத்தை நெரிப்பது போலக் கம்பியை இறுக்கினால் பித்தளையின் கனமே போய்விடும். லக்குகளுக்குள் இருக்கும் சுருள்வில் அதிர்ந்து 'கிர்ர்' என்றால் உள்ளே கொஞ்சம் பஞ்சு. உடல் வட்டம் குலைந்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும்.